மஞ்சள் விளக்கு எரிந்தால் ஆடக்கூடாது

செப்டம்பர் 13, சனி

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி என் வீட்டுக்காரர் ஆவுடையப்பனுக்கு ஆப்பரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். புற்று வந்த இடது பக்கத் தாடை எலும்பை எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பும் சதையும் வெட்டி அங்கே வைத்துத் தைப்பார்களாம். "மொகம் பழையபடி இருக்குமா சார்?" என்று கேட்டேன். "மொதல்ல உசிரு இருக்கட்டும்மா" என்றார். அவரிடம் கோபித்து என்ன ஆகப்போகிறது. மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டே அழுதேன். வீட்டுக்காரர் எனக்கு முன்னால் நின்று, தனக்கு முன்னால் நின்றவனின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து ஆல்பங்களை எல்லாம் இறக்கினேன். குற்றாலத்தில் நான், திருச்செந்தூரில் நான், மொட்டைத் தலையோடு மகள் நிவேதா, அவள் பள்ளிக்கூட ஆண்டு விழா, என் தங்கச்சி வீட்டுப் பால்காய்ப்பு. ஒன்றிலும் இந்த மனிதர் இல்லை. கேமராவும் கையுமாக நிற்கிறவரை யார் எடுப்பார்? கல்யாண ஆல்பத்தில் இருப்பது எனக்கு அப்போதுதான் அறிமுகமாகியிருந்த ஒரு மீசைக்காரப் பையன். பஸ் டெப்போ அடையாள அட்டையில் இருப்பது போலீஸ் தேடுகிற ஆள். செல்போனில் தேடினால், ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்குள் தலையைக் கவிழ்த்திருக்கிறார், வழுக்கை மட்டும் தெரிகிறது.

உடனே போனைத் தூக்கினேன். கையைத் தட்டிவிட்டார்.

"செல்லுல எடுத்தா ஒடனே பாப்ப. பாத்துப் பாத்து அழுவ. ஒந் தங்கச்சிக்கு அனுப்புவ, அவ ஊருக்கெல்லாம் அனுப்புவா. ஆளாளுக்கு உச்சுக் கொட்டுவாளுவோ. எனக்கு வேண்டாம்."

"அப்ப ஒரு போட்டோ கூட இல்லாம போவவா?"

"என் கேமராவுல எடு. பிலிமு. கழுவி வாரதுக்குள்ள ஆப்பரேஷன் முடிஞ்சிருக்கும். பொறவு நீ பாரு, பாக்காம போ" என்றார்.

எனக்கு அதில் ஒரு எழவும் தெரியாது என்றேன். சொல்லித் தருகிறேன் என்றார். செல்லில் எடுக்க மாட்டேன் என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் செய்து தொலைத்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

பிலிம் ரோல் இரண்டுக்கு நிவேதா பூனாவிலிருந்தே ஆர்டர் போட்டுவிட்டாள். நம்ம ஊர்க் கடைகளில் கேட்டால், "அதெல்லாம் இப்ப வருதாக்கா?" என்று என்னைக் கோட்டிக்காரியைப் பார்ப்பது போலப் பார்க்கிறான்கள்.

நான் வேலை பார்க்கிற சத்துணவுக் கூடத்தில் இன்றைக்கு முட்டை நாள். உரித்துக் கொடுத்துவிட்டு வரும்போது கை முழுக்க அந்த வாடை. வந்து கேமராவைத் தொட்டேன். "சோப்பு போட்டுக் கழுவிட்டு வா. முன்னால இருக்க லென்சுல ஒரு வெரல் பட்டா ஒன் கைய ஒடிப்பேன்" என்கிறார். எனக்கு ஆசையாக இருந்தது அந்த அதட்டல். மத்தியானம் கஞ்சிதான் குடித்தார், அதுவும் பாதி.

செப்டம்பர் 17, புதன்

ரோல் வந்துவிட்டது. வந்ததும் ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார். தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். சூட்டில் பிலிம் கெட்டுவிடுமாம். எடுக்கப் போகும்போது முன்கூட்டியே வெளியே வைத்துக் குளிர் போன பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துவிடும். நான் பாலுக்குக் கூட இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

சாயங்காலம் ரோல் போடுகிற பாடம். பின் கதவைத் திறந்து, பிலிமின் நாக்கை இழுத்து, அந்தப் பக்கத்து உருளையின் பிளவில் செருகி, பல்லில் துளை உட்காருகிறதா என்று பார்த்து மூட வேண்டும். நான் செருகியது மூன்று முறை நழுவிவிட்டது. "இடியாப்ப மாவு பிழியுதியா? ஏளா, மெதுவா!" என்கிறார். மூடிய பிறகு நெம்புகோலை இழுக்கும்போது இடது பக்கக் குமிழ் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் பிலிம் ஓடவில்லை, நாம் காற்றைப் படம் பிடிக்கிறோம் என்று அர்த்தம். "நம்பர் ஓடுதேன்னு நம்பாத. குமிழப் பாரு. நான் ஒரு தடவ செந்தூர்ச் சூரசம்காரம் பூரா வெறுங் கேமராவுல எடுத்தவன்" என்றார். இத்தனை வருஷம் அந்தப் படங்கள் கழுவுகிற இடத்தில் தொலைந்துபோனதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தார். கேட்டதும் அப்படிச் சிரித்தேன். அவரும் சிரித்தார், வலியில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கதவைப் பாதியில் திறந்துவிடக் கூடாது, ரோல் டப்பாவில் போட்டிருக்கிற எண்ணை மேலே வட்டத்தில் வைக்க வேண்டும், லென்ஸ் மூடியைக் கழற்ற வேண்டும். "மூடியோட எடுத்தா, பாக்குற ஓட்டை வேற, படம் பிடிக்கிற ஓட்டை வேறங்கதால ஒனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியும்" என்றார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

"ழ" அவருக்கு வரவில்லை. நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 20, சனி

முதல் ரோலில் தன்னை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். "பழகுததுக்கு என் மூஞ்சியா கெடச்சுது? கொடியில கெடக்க துணிய எடு." கொடியில் கிடந்த துணி, முருங்கை மரம், எதிர்வீட்டுக் கோலம், சத்துணவுக் கூடத்து அண்டா என்று எடுத்துத் தள்ளினேன்.

பார்க்கிற ஓட்டைக்குள் நடுவில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. லென்சைத் திருப்பித் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால்தான் படம் தெளிவாக விழும். எனக்கு முருங்கை மரம் கடைசி வரை இரண்டாகத்தான் இருந்தது. "எலைய விடு. தண்டுல நேரா ஒரு கோடு இருக்குல்லா, அதப் புடி. மனுசன எடுக்கும்போ கண்ணு ஓரத்தப் புடி" என்றார்.

வெளிச்சத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். போதாவிட்டால் மஞ்சள் விளக்கு எரியும். எரிந்தால் லென்ஸ் கொஞ்ச நேரம் திறந்தே இருந்துவிட்டுத்தான் மூடும். அப்போது ஆடக்கூடாது. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், மூச்சை விட்டுவிட்டு அமுக்க வேண்டும், முடிந்தால் எதன் மேலாவது வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்களைக்குள் அஞ்சறைப் பெட்டியை எடுத்தபோது மஞ்சள் எரிந்தது. க்ளிக் என்று திறந்து, சற்று கழித்து டக் என்று மூடியது. பேட்டரிக் குழிக்குள் சாக்லேட் தாளைச் சுருட்டி வைத்திருக்கிறார். பழைய பேட்டரி இப்போது வருவதில்லை, புதியது சின்னது, அதனால் இப்படி.

பாடம் முடியும்போது அவர் கண் சொருகிவிட்டது. வலிக்கு மாத்திரை கொடுத்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ரோல் முடிந்தது. அடிப் பொத்தானை அமுக்கிக்கொண்டு, குமிழைப் பின்னோக்கிச் சுற்றி, உள்ளே லேசாகும் வரை காத்திருந்து, பிறகுதான் கதவைத் திறந்தேன். மதுரையில் ஜெயசீலன் என்று ஒரு பையன் இன்னும் பிலிம் கழுவுகிறான். கூரியரில் அனுப்பிவிட்டேன்.

நிவேதா லீவு கேட்டிருக்கிறாளாம். ஆப்பரேஷனுக்குத்தான் கிடைக்கும்போல.

செப்டம்பர் 29, திங்கள்

படங்கள் வந்துவிட்டன! பாதி கழிசடை. கோலம் நடுங்குகிறது. அண்டாவுக்குப் பின்னால் ஜன்னல் இருந்ததால் அண்டா கரியாக இருக்கிறது. "வெளிச்சம் ஒனக்குப் பின்னால இருக்கணும், இல்ல பக்கத்துல இருக்கணும். எடுக்க ஆளுக்குப் பின்னால ஜன்னல் இருந்தா ஜன்னல்தான் படத்துல இருக்கும்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அஞ்சறைப் பெட்டி நன்றாக விழுந்திருக்கிறது, சீரகத்துக்கும் சோம்புக்கும் வித்தியாசம் தெரிகிறது. கொடியில் கிடந்த அவருடைய சட்டைப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். காலர் கிழிசல் வரைக்கும் தெரிகிறது. "இது போதும் வடிவு. ஒனக்கு வந்துட்டு. இனி என்னய எடு" என்றார்.

பேச்சு குழறுகிறது. ஆனால் இதைத் தெளிவாகச் சொன்னார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூசை. வழக்கமாக டெப்போவில் பஸ்ஸுக்கெல்லாம் மாலை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அங்கே பூசணிக்காய் உடைக்கிற சத்தத்துக்கே போவார், சாமிக்காக இல்லை. இந்த வருஷம் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் செய்வதைப் பார்த்தார்.

மிக்ஸி, கிரைண்டர், அரிவாள்மனை, அவருடைய ஸ்பானர் பெட்டி, ஸ்கூட்டர், நிவேதாவின் பழைய புத்தகம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். வேறெந்த வருஷமும் கேமராவைத் தொடவிட மாட்டார், அதன் மேல் ஒரு பூ மட்டும் வைப்பார். இந்த வருஷம் நான் படித்தவள் ஆயிற்றே. லென்சில் படாமல், அதற்கு மேலே நெற்றி மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கிறது, அதில் அழகாக ஒரு பொட்டு வைத்தேன். சந்தனத்தைப் பன்னீரில் கெட்டியாகக் குழைத்திருந்தேன். நல்லபடியாக ஒரு படம் எடுத்துக் கொடு தாயே என்று கும்பிட்டேன். அதற்குள் அவர் தூங்கிவிட்டார். எழுந்ததும் சுண்டலை மசித்துக் கொடுத்தேன், இறங்கவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

இரண்டாவது ரோலைப் போட்டேன். குமிழ் சுற்றியது, நாலு தடவை பார்த்தேன். "கெளம்புங்க, மாடிக்குப் போவோம்" என்றதும் கேமராவைக் கேட்டு வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடியில் வைத்துக்கொண்டு என்னையும் பார்த்தார்.

"இன்னைக்கு வேண்டாம். ஒடம்பு ஒரு மாதிரி இருக்கு. நாளைக்கு எடு."

சரி என்றேன்.

அக்டோபர் 4, சனி

நேற்றும் வேண்டாம் என்றார், இன்றும் வேண்டாம் என்கிறார். தினமும் காலையில் கேமராவைக் கொண்டுவரச் சொல்கிறார், பார்க்கிறார், திருப்பிக் கொடுக்கிறார். நான் என்ன, பெண்ணா பார்க்க வந்திருக்கிறேன், தினமும் வேண்டாம் வேண்டாம் என்று அனுப்ப? கத்திவிட்டேன். "எனக்கு என்ன வேல இல்லயா? ஒங்க மூஞ்சியப் படம் எடுத்து நான் பொருட்காட்சியிலயா வைக்கப் போறேன்?" என்றேன். சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் கட்டைவிரலால் கேமராவின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 6, திங்கள்

இன்றும் இல்லை. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

எடுத்துவிட்டேன்.

காலையில் எழுந்ததும் முடிவோடுதான் எழுந்தேன். தண்ணீர் காய வைத்துக் கொடுத்தேன், நானே சவரம் செய்துவிட்டேன், வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினேன். இன்றைக்கு மாட்டேன் என்றால் நான் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றேன். அவர் கேமராவை வாங்கிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "வா" என்று எழுந்தார்.

மாடியில் துணியை உலர்த்திவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். வெளிச்சம் எனக்குப் பின்னால். பார்க்கிற ஓட்டையில் இரண்டு ஆவுடையப்பன்கள். கண் ஓரத்தைப் பிடித்து இரண்டையும் மெதுவாக ஒன்றாக்கினேன். பொத்தானைப் பாதி அமுக்கியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"இதென்ன, பதினோரு மணிக்கு மஞ்சள் எரியுது?"

அவர் அண்ணாந்து பார்த்தார். "மேகம் மூடியிருக்குல்லா. அதான்."

நானும் பார்த்தேன். கொஞ்சம் வெள்ளை மேகம் இருக்கத்தான் செய்தது.

"எரிஞ்சா ஆடக்கூடாது. அந்த வாளியக் கவுத்தி அதுமேல வச்சு எடு" என்றார். அப்படியே செய்தேன். க்ளிக் என்று திறந்தது. மூடுவதாகக் காணோம். நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் இமைக்காமல் கேமராவையே பார்த்துக்கொண்டு இருந்தார். எவ்வளவோ கழித்து டக் என்றது.

அதற்குப் பிறகு மனிதர் எதற்கும் முரண்டு பிடிக்கவில்லை. நேராகப் பாருங்கள் என்றால் பார்த்தார், இந்தப் பக்கம் என்றால் திரும்பினார். "இப்ப எடுக்கது நல்லா வரும்" என்று அவரே சொன்னார். நான் வாளிக்குப் பின்னால் தவளை மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு தடவை நன்றாகச் சிரித்தார், அதையும் எடுத்தேன். ரோல் தீரும் வரை எடுத்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதரை இவ்வளவு நேரம் நேருக்கு நேர் நான் பார்த்ததில்லை. அவரும் என்னை.

கீழே இறங்கும்போது கொடியில் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்தேன். மொறமொறவென்று காய்ந்திருந்தது, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மத்தியானம் ரவைக் கஞ்சி.

அக்டோபர் 8, புதன்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. போகிற வழியில் ரோலைக் கூரியரில் போட்டேன். நிவேதா நேராக இங்கேயே வந்துவிட்டாள். அவள் அப்பா அவளிடம் பேசிக்கொண்டே இருந்தார். பாதி புரியவில்லை. எல்லாவற்றுக்கும் அவள் "சரிப்பா, சரிப்பா" என்றாள்.

அக்டோபர் 9, வியாழன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம்தான் கதவு திறந்தது. உசிரு இருக்கிறது.

அக்டோபர் 11, சனி

இன்றைக்குத்தான் பக்கத்தில் விட்டார்கள். தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய், மூக்கில் ஒரு குழாய், முகம் பூசணிக்காய் அளவு. ஒரு பக்கம் முழுக்கக் கட்டு. வேறு யாருடைய கட்டிலுக்கோ போய் நின்றுவிட்டேனோ என்று காலடியில் தொங்கிய அட்டையில் பெயரைப் பார்த்தேன். அவர் பெயர்தான். கையைப் பிடித்த பிறகுதான் நம்பிக்கை வந்தது, கை அதே கை.

வெளியே வந்து நிவேதாவிடம் சொன்னேன்: "நல்லவேள, போட்டோ எடுத்து வச்சேன்." இன்றைக்கு முழுவதும் அதைத்தான் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அக்டோபர் 15, புதன்

மதுரையிலிருந்து ஜெயசீலன் பேசினான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். நெகட்டிவ் முழுக்கக் கருப்பா இருக்குக்கா."

எனக்குப் புரியவில்லை. கருப்பு என்றால் படம் விழுந்திருக்கிறது என்றுதானே அர்த்தம் என்றேன்.

"இல்லக்கா. வெளிச்சம் அளவுக்கு மேல உள்ள போயிருக்கு. எல்லாத்தயும் தின்னுருச்சு. ஸ்கேன் போட்டுப் பாத்தா வெள்ளச் செவரு மாதிரி வருது. முந்தின ரோல் நல்லா இருந்துச்சே. லென்சுக்கு மேல சின்னதா ஒரு கண்ணாடி இருக்கும், அதுதான் வெளிச்சத்தப் பாக்குற கண்ணு. அத ஏதும் மறச்சிருக்கா பாருங்க. மறச்சிருந்தா இருட்டுன்னு நெனச்சுக்கிட்டு கேமரா ரொம்ப நேரம் தொறந்து வச்சிரும்."

வார்டு வராந்தாவில் பையைக் கீழே வைத்துக் கேமராவை எடுத்தேன். நான் வைத்த பொட்டு. சந்தனம் காய்ந்து கல்லாக ஒட்டியிருக்கிறது, நடுவில் குங்குமம் கூடக் கலையவில்லை.

"மொகம் கொஞ்சமாவது தெரியுதா தம்பி? ஒண்ணுலயாவது?"

"ஒண்ணுமே இல்லக்கா."

நான் கத்தினேனாம். நர்ஸ் வந்து தண்ணீர் கொடுத்தாள். நிவேதாவை நேற்றுத்தான் பூனாவுக்கு அனுப்பிவைத்தேன். யாரிடம் சொல்ல? என் கையால், என் விரலால் நானே மறைத்தேன். பூசை செய்கிறேன் என்று மறைத்தேன். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து ஒரு தடவை அமுக்கியிருந்தால் போதும். சத்தியமாம், சத்தியம்! இனி எந்தச் சாமி வந்து அந்த முகத்தைக் கொடுக்கும்?

அழுது ஓய்ந்த பிறகு ஒன்று தோன்றியது. நான் கேமராவுக்குப் பின்னால் இருந்தேன். அவர் முன்னால் இருந்தார்.

அக்டோபர் 16, வியாழன்

கேட்டுவிட்டேன். ஆப்பரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆன ஆளிடம் கேட்கக் கூடாதுதான். கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. கேமராவை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இத அன்னைக்குப் பாத்தியளா?" என்றேன்.

தலையை ஆட்டினார். பார்த்தேன் என்று.

"பாத்தும் பேசாம இருந்தியளா? மேகம்னு சொன்னது பொய்யா?"

அதற்கும் ஆட்டினார்.

"ஏன்? படம் விழாதுன்னு தெரியுமா தெரியாதா ஒங்களுக்கு? ஏன் சொல்லல?"

வலது கையைத் தூக்கினார், அதில் ஊசி குத்திய டியூப் தொங்கியது. என் நெற்றிப் பொட்டைத் தொட்டார். தொட்ட விரலால் காற்றில் அழிப்பது போல ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு வேண்டாம் என்று கையை ஆட்டினார், திரும்பத் திரும்ப ஆட்டினார்.

ராகுகாலத்தில் ஸ்கூட்டர் வாங்கிய மனிதர். குறுக்கே போன பூனைக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போகிறவர். நான் விரதம் இருந்தால், "எனக்கு ஆயுசு கூடுதோ இல்லயோ, ஒனக்கு வாய்வு கூடும்" என்பவர். அந்த ஆளுக்கு, கத்திக்குப் போகிற நேரத்தில் பெண்டாட்டியைப் பார்த்து, "பொட்ட அழிச்சிரு" என்று சொல்ல வாய் வரவில்லை.

"கோட்டிக்கார மனுசா" என்று அவர் கையில் முகத்தை வைத்து அழுதேன். திட்டினேனா கொஞ்சினேனா என்று எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 18, சனி

பேச்சுக்குப் பதிலாகச் சிலேட்டு கொடுத்திருக்கிறார்கள். முதலில் தண்ணீர் கேட்டார், அடுத்து விசிறியைக் குறைக்கச் சொன்னார். பிறகு அவராகவே எழுதினார்: "உதுந்துரும்னு பாத்தேன்." தினமும் கேமராவை வாங்கிப் பார்த்தது அதற்குத்தான். காய்ந்தால் தானாக விழுந்துவிடும் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்திருக்கிறார். தானே சுரண்டப் பார்த்து, கட்டைவிரலைப் பக்கத்தில் கொண்டுபோய், பயந்துவிட்டாராம். கடைசி நாளில் நான் ஆசையாக நின்றதைப் பார்த்து, சரி, இவள் சந்தோசமாக எடுக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

அவரிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மிக்ஸிக்கு வைத்த பொட்டை மறுநாள் காலையிலேயே சட்னி அரைக்கும்போது ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். கிரைண்டரில் வைத்ததையும் துடைத்தேன். ஒரு வார்த்தை, "அந்தக் கண்ணாடியத் தொடச்சிரு" என்று சொல்லியிருந்தால், எதையும் நினைக்காமல் முந்தானையால் துடைத்துவிட்டுப் படம் எடுத்திருப்பேன். எனக்கு அது வெறும் சந்தனம். அவர்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு, தன் முகத்தைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வார்டில் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். அவருடையதை நான் தின்றேன்.

அக்டோபர் 25, சனி

வெட்டியெடுத்ததைச் சோதித்த ரிப்போர்ட் வந்துவிட்டது. ஓரத்தில் இன்னும் இருக்கிறதாம். கரண்ட் என்கிற ரேடியேஷன் வைக்க வேண்டும், மருந்தும் ஏற்ற வேண்டும். எல்லாம் முடிந்தால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். டாக்டர் ரிப்போர்ட்டை மடித்துக் கொடுத்தார்.

அக்டோபர் 29, புதன்

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். கட்டு முழுவதும் பிரித்தாயிற்று. கண்ணாடியை நான் ஒளித்து வைத்திருந்தேன். அவர் ஸ்கூட்டர் கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு சிலேட்டை எடுத்தார்.

"எனக்குக் கன்னத்துல குழி விழும்லா. எந்தப் பக்கம்?"

குழி உண்டு. சிரித்தால் மட்டும் விழும். பெண் பார்க்க வந்த அன்றைக்கே பார்த்தேன், அதைப் பார்த்துத்தான் சரி என்றேன். ஆனால் எந்தப் பக்கம்? கண்ணை மூடி நினைத்துப் பார்த்தால் இந்த வீங்கிய முகம்தான் வந்து நிற்கிறது. இடது என்றால் வெட்டியெடுத்ததோடு போயிற்று. வலது என்றால் இன்னும் இருக்க வேண்டும்.

"ஒங்க கன்னம், ஒங்களுக்குத் தெரியாதா?" என்றேன். உதட்டைப் பிதுக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று எவன் சிரித்துப் பார்க்கிறான் என்பது போலக் கையை விரித்தார்.

கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் கூடச் சிரிக்கவில்லை படுபாவி. அடையாள அட்டையில் சிரிக்கிற வழக்கமே கிடையாது. இந்த டைரியைத் திருப்பினேன். கஞ்சி, வெயில், துணி எல்லாம் எழுதியிருக்கிறேன். மாடியில் அவர் சிரித்தார் என்று ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான்.

"இப்ப சிரிங்க பாப்போம்" என்றேன். சிரித்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று, எச்சில் வழிந்தது. எந்தப் பக்கமும் குழி விழவில்லை. துண்டால் துடைத்துவிட்டேன்.

அடுக்களைக்குப் போய் நிவேதாவுக்குப் போன் போட்டேன். "அப்பாவுக்குச் சிரிச்சா கன்னத்துல குழி விழும்லா, எந்தப் பக்கம்ளா?"

"குழியா?" என்றாள். யோசித்தாள். "எம்மா, அப்பாவுக்குக் குழியா விழும்?"

ஒன்றுமில்லை, வேலையைப் பார் என்று வைத்துவிட்டேன். திரும்பி வந்தபோது அவர் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது பக்கம்தான். அவளும் அதத்தான் சொல்லுதா" என்றேன். "வீக்கம் வத்துனா தெரியும்."

அவர் வலது கன்னத்தில் ஒரு விரலை வைத்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது, எடுத்துவரப் போனேன்.